ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங் நிகழ்ச்சியின் புகழ்பெற்ற நடனங்கள்

ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங் என்பது ஐக்கிய இராச்சியத்தின் பிபிசி ஒன்று தொலைக்காட்சியில் 2004 ஆம் ஆண்டு மே 15 ஆம் நாள் தொடங்கப்பட்ட நடனப் போட்டி நிகழ்ச்சி ஆகும். நடிகர், பாடகர், விளையாட்டு வீரர், செய்தியாளர், அரசியல்வாதி எனப் பல துறைகளில் பெயர் பெற்ற ஒருவர், தொழில்முறை நடனக் கலைஞர் ஒருவருடன் இணைந்து வாரம் ஒரு நடனத்தைக் கற்று நேரலையில் ஆடுவதே இப்போட்டியின் அமைப்பாகும். நடுவர்கள் வழங்கும் புள்ளிகளும் பார்வையாளர்களின் வாக்குகளும் சேர்ந்து, அடுத்த வாரத்திற்குச் செல்பவர்களை முடிவு செய்கின்றன. இந்த இரண்டு அளவுகோல்களும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. முழுப் புள்ளி பெற்ற நடனங்கள் சில நினைவில் நிற்பது போலவே, மிகக் குறைந்த புள்ளிகளைப் பெற்ற நடனங்கள் சிலவும் இரசிகர்களால் இன்றும் பேசப்படுகின்றன. இந்நிகழ்ச்சியின் வரலாற்றில் நினைவுகூரப்படும் முதன்மையான நடனங்களையும், அவை புகழ் பெற்றதற்கான காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

பெயரும் தோற்றமும்

பிபிசி நிறுவனம் 1998 ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் கம் டான்சிங் என்ற பெயரில் பால்ரூம் நடனப் போட்டிகளை ஒளிபரப்பி வந்தது. ஆத்திரேலிய இயக்குநர் பாஸ் லூர்மன் 1992 இல் இயக்கிய திரைப்படம் ஸ்ட்ரிக்ட்லி பால்ரூம் ஆகும். இவ்விரு பெயர்களையும் இணைத்தே புதிய நிகழ்ச்சிக்குப் பெயர் சூட்டப்பட்டது.

தொடக்கத்தில் புரூஸ் போர்சைத், டெஸ் டேலி ஆகியோர் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினர். போர்சைத் 2014 இல் விலகிய பின்னர் கிளாடியா விங்கிள்மன், டேலியுடன் இணைந்தார். இவ்விருவரும் 2025 ஆம் ஆண்டுத் தொடருடன் விடைபெற்றனர். லென் குட்மன், ஆர்லீன் பிலிப்சு, கிரெய்க் ரெவல் ஹோர்வுட், புரூனோ டோனியோலி ஆகிய நால்வரும் முதல் நடுவர் குழுவினர் ஆவர். தலைமை நடுவராக இருந்த குட்மன் 2016 ஆம் ஆண்டுத் தொடருடன் ஓய்வு பெற, 2017 இல் ஷெர்லி பாலாஸ் அப்பொறுப்பை ஏற்றார்.

நடன வகைகள்

பால்ரூம் நடனம் என்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைந்து ஆடும் மேலை நாட்டு இணை நடனங்களைக் குறிக்கும் பொதுப் பெயராகும். பிற்காலத்தில் ஒரே பாலினத்தைச் சேர்ந்த இணைகளும் இவற்றை ஆடத் தொடங்கின. போட்டி நடனங்கள் இரு பெரும் பிரிவுகளாகப் பகுக்கப்படுகின்றன.

பால்ரூம் பிரிவு: வால்ட்சு, வியன்னா வால்ட்சு, டேங்கோ, பாக்ஸ்ட்ராட், குயிக்ஸ்டெப் ஆகியவை. இணையர் ஒருவரையொருவர் பற்றியபடி ஆடுவதால் தோள், கை, முதுகு ஆகியவற்றின் நிலை கலையாமல் இருக்க வேண்டும்.

இலத்தீன் பிரிவு: சா சா சா, சம்பா, ரும்பா, ஜைவ், பாசோ டோப்லே ஆகியவை. இடுப்பின் அசைவும் தாளக்கட்டும் இவற்றில் முதன்மை பெறுகின்றன.

இவற்றைத் தவிர அர்ச்செந்தீன டேங்கோ, சால்சா, அமெரிக்கன் சுமூத் முதலியனவும் இந்நிகழ்ச்சியில் ஆடப்படுகின்றன. 2018 ஆம் ஆண்டில் 'இணையின் விருப்பம்' என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. தெரு நடனம், சமகால நடனம், நாடக மேடை நடனம் போன்றவற்றை இப்பிரிவில் ஆடலாம். அண்மை ஆண்டுகளில் பெரிதும் பேசப்பட்ட நடனங்கள் பல இப்பிரிவிலிருந்தே வந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

மதிப்பீட்டு முறை

நடுவர் ஒவ்வொருவரும் 1 முதல் 10 வரை புள்ளி வழங்குவர். நால்வரும் சேர்ந்து வழங்கக்கூடிய மிகுதியான புள்ளி 40 ஆகும். கால் வைப்பு, உடல் நிலை, தாளம், இசையை உணர்ந்து ஆடுதல், இணையருக்கிடையேயான ஒத்திசைவு ஆகியவை கருத்தில் கொள்ளப்படுகின்றன. தடை செய்யப்பட்ட நடனங்களில் துணைவரைத் தரையிலிருந்து தூக்கினால் புள்ளி குறையும்.

நடுவர்களின் புள்ளிகள் நேரடியாக வாக்குகளுடன் கூட்டப்படுவதில்லை. அவை முதலில் தரவரிசையாக மாற்றப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, பத்து இணைகள் இருந்தால் முதலிடம் பெறும் இணைக்கு 10, அடுத்த இணைக்கு 9 என்று தரப்புள்ளிகள் வழங்கப்படும். பொதுமக்கள் வாக்குகளும் இவ்வாறே தரப்புள்ளிகளாக மாற்றப்படும். இரண்டின் கூட்டுத்தொகையே இறுதி வரிசையாகும். கூட்டுத்தொகை சமமாக இருந்தால் மக்கள் வாக்கில் முந்திய இணைக்கே முன்னுரிமை.

இம்முறையில் ஒரு முக்கிய விளைவு உண்டு. நடுவர்கள் 40 வழங்கினாலும் 30 வழங்கினாலும், முதலிடத்திற்குக் கிடைக்கும் தரப்புள்ளி ஒன்றே. அதேபோல் மிக மோசமாக ஆடியவர் கடைசி இடத்தையே பெறுவார். அதற்கும் கீழே அவரைத் தள்ள நடுவர்களால் இயலாது. ஆகவே மக்கள் பெருமளவில் வாக்களித்தால், நடுவர் வரிசையில் கடைசியில் உள்ளவரும் பல வாரங்கள் நீடிக்க முடியும்.

2007 முதல் கடைசி இரண்டு இடங்களைப் பெறும் இணைகள் மீண்டும் ஆட, அவர்களுள் ஒருவரை நடுவர்கள் காப்பாற்றும் முறை கொண்டுவரப்பட்டது. 2010, 2011 ஆம் ஆண்டுகளில் கைவிடப்பட்ட இம்முறை 2012 இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

முழுப் புள்ளி பெற்ற தொடக்ககால நடனங்கள்

2004 ஆம் ஆண்டில் இரண்டு தொடர்கள் ஒளிபரப்பாயின. முதல் தொடரில் செய்தி வாசிப்பாளர் நட்டாஷா கப்ளின்ஸ்கி, பிரெண்டன் கோலுடன் ஆடி வெற்றி பெற்றார். அவ்வாண்டு திசம்பரில் நடைபெற்ற இரண்டாம் தொடரின் இறுதிப்போட்டியில் நடிகை ஜில் ஹாப்பென்னி, டேரன் பென்னட்டுடன் ஆடிய ஜைவ், இந்நிகழ்ச்சியின் வரலாற்றில் 40 புள்ளிகளைப் பெற்ற முதல் நடனமாகும். எல்டன் ஜானின் பாடல் ஒன்றுக்கு ஆடப்பட்ட இந்நடனம், பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் சிறந்த ஜைவ் நடனங்களுக்கான ஒப்பீட்டு அளவாகக் கருதப்படுகின்றது. ஜைவ் மிக விரைவான நடனம். உதைப்புகளும் துள்ளல்களும் இடைவிடாது வருவதால், அரை நிமிடம் கடந்ததும் பயிற்சி இல்லாதவர்களின் கால்கள் தளரத் தொடங்கும். ஹாப்பென்னியின் கால்கள் இறுதிவரை தளரவில்லை.

இதே இரண்டாம் தொடரில்தான் மறு எல்லையும் தொடப்பட்டது. தானுந்து விமர்சகர் குவென்டின் வில்சன், ஹேசல் நியூபெரியுடன் ஆடிய சா சா சா 40க்கு 8 புள்ளிகளை மட்டுமே பெற்றது.

துடுப்பாட்ட இரசிகர்களுக்கு 2005, 2006 ஆம் ஆண்டுகள் நினைவில் நிற்பவை. 2005 இல் இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் டேரன் காஃப், லிலியா கோபிலோவாவுடன் ஆடி வென்றார். அடுத்த ஆண்டு வென்றவர் இந்திய-கயானா வழிவந்த தந்தைக்கு இங்கிலாந்தில் பிறந்த மட்டையாளர் மார்க் ராம்பிரகாஷ் ஆவார். முதல்தரப் போட்டிகளில் 114 சதங்கள் அடித்த இவர், தேர்வுப் போட்டிகளில் தம் திறமைக்கேற்ப விளையாடவில்லை என்ற விமர்சனத்திற்கு நெடுங்காலம் உள்ளானவர். அத்தொடரில் கேரன் ஹார்டியுடன் சால்சா ஆடிக்கொண்டிருந்தபோது இருவரின் ஒலிவாங்கிக் கம்பிகள் சிக்கிக்கொண்டன. நேரலையிலேயே ஹார்டி நடனத்தை நிறுத்த, அவர்கள் முதலிலிருந்து மீண்டும் ஆடினர். இறுதிப்போட்டியில் அதே சால்சாவை ஆடி 40 புள்ளிகளையும் பெற்றனர்.

2008 அரையிறுதிச் சிக்கல்

மேலே விளக்கப்பட்ட தரப்புள்ளி முறையின் குறைபாடு 2008 ஆம் ஆண்டு திசம்பர் 13 அன்று நடந்த அரையிறுதியில் வெளிப்பட்டது. ரேச்சல் ஸ்டீவன்ஸ், லிசா ஸ்னோடன், டாம் சேம்பர்ஸ் ஆகிய மூவரின் இணைகள் எஞ்சியிருந்தன. ரேச்சலும் லிசாவும் நடுவர்களிடம் சமமான புள்ளிகளுடன் முதலிடம் பெற்றதால் இருவருக்கும் 3 தரப்புள்ளிகள் கிடைத்தன. மூன்றாம் இடம் பெற்ற டாமுக்கு 1 தரப்புள்ளி மட்டுமே கிடைத்தது.

இப்போது டாமே மக்கள் வாக்கில் முதலிடம் பெற்றார் என்று கொண்டால் கணக்கு பின்வருமாறு அமையும்.

டாம்: 1 + 3 = 4
வாக்கில் இரண்டாம் இடம் பெறுபவர்: 3 + 2 = 5
வாக்கில் மூன்றாம் இடம் பெறுபவர்: 3 + 1 = 4

சமநிலையில் வாக்கு முன்னுரிமையால் டாம் இரண்டாம் இடத்திற்கு வரலாம். ஆனால் மூன்று இணைகளில் கடைசி இரண்டும் மீண்டும் ஆட வேண்டும் என்பதால் இரண்டாம் இடமும் அவரைக் காப்பாற்றாது. அதாவது, எத்தனை இலட்சம் பேர் வாக்களித்தாலும் டாம் மறு நடனத்திலிருந்து தப்ப வழியே இருக்கவில்லை. பணம் செலவழித்துத் தொலைபேசியில் வாக்களித்தவர்களின் வாக்குக்கு விளைவே இல்லாத நிலை இது. இதனை உணர்ந்த பிபிசி, அன்று எவரையும் வெளியேற்றாமல் மூன்று இணைகளையும் இறுதிப்போட்டிக்கு அனுப்பியது. பதிவான வாக்குகளும் இறுதிப்போட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டன.

அடுத்த வாரம் நடந்த இறுதிப்போட்டியில், நடுவர்களிடம் மிக உயர்ந்த புள்ளிகளைப் பெற்ற லிசா மூன்றாம் இடத்தையே பெற்றார். டாம் சேம்பர்சும் கமில்லா டாலரப்பும் தங்கள் விருப்பப்படி அமைத்து ஆடிய இறுதி நடனம் அரங்கை எழுந்து நிற்க வைத்தது. அவர்களே கோப்பையையும் வென்றனர். ஒரு வாரத்திற்கு முன்பு கணக்கின்படி காப்பாற்றப்பட முடியாதிருந்தவர் வெற்றியாளரானது இந்நிகழ்ச்சியின் பெரும் முரண்களில் ஒன்றாகும்.

மக்கள் விரும்பிய குறைந்த புள்ளி நடனங்கள்

ஜான் சார்ஜென்ட்

2008 ஆம் ஆண்டுத் தொடர் மற்றொரு சர்ச்சைக்கும் களமானது. அரசியல் செய்தியாளரான ஜான் சார்ஜென்ட், 1990 இல் பாரிசில் மார்கரெட் தாட்சர் தம் பின்னால் வந்து நின்றதை அறியாமல் நேரலையில் பேசிக்கொண்டிருந்த காட்சியால் பலருக்கும் அறிமுகமானவர். 64 வயதில் போட்டியில் கலந்துகொண்ட இவருக்குக் கிறிஸ்டினா ரிஹானோஃப் துணைவராக அமைந்தார்.

பாசோ டோப்லே என்பது காளைப்போரைச் சித்தரிக்கும் நடனமாகும். ஆண் காளைப்போர் வீரனாகவும், பெண் பெரும்பாலும் அவனது கையிலுள்ள துணியாகவும் ஆடுவர். வீரன் துணியைச் சுழற்ற வேண்டிய இடத்தில் சார்ஜென்ட் தம் துணைவரைக் கையால் பிடித்துத் தரையில் இழுத்துச் சென்றார். அவரது முகத்தில் எவ்விதச் சலனமும் இல்லை. நடுவர்கள் குறைந்த புள்ளிகளையே வழங்கினர். பார்வையாளர்கள் வாரந்தோறும் வாக்களித்து அவரைக் காப்பாற்றினர். அவரைவிட நன்றாக ஆடியவர்கள் வெளியேறத் தொடங்கியபோது நடுவர்கள் வெளிப்படையாகவே அதிருப்தி தெரிவித்தனர்.

நவம்பர் 19 அன்று சார்ஜென்ட் தாமாகவே விலகினார். தாம் உண்மையிலேயே வென்றுவிடக்கூடிய அபாயம் இருப்பதாகவும், அது தமக்கே அளவு மீறிய வேடிக்கையாகிவிடும் என்றும் அவர் காரணம் கூறினார். இது நடனப் போட்டியா, பொழுதுபோக்கு நிகழ்ச்சியா என்ற விவாதம் நாளிதழ்களின் முதல் பக்கங்களை எட்டியது. பணம் கட்டி வாக்களித்த மக்களின் முடிவை நடுவர்கள் குறை கூறலாமா என்று ஒரு சாராரும், வாரமெல்லாம் பயின்றவரின் உழைப்புக்கு என்ன மதிப்பு என்று மறு சாராரும் வினவினர். இரு வினாக்களும் நியாயமானவை என்பதாலேயே இவ்விவாதம் இன்றும் முடிவுறாமல் உள்ளது.

ஆன் விட்டகோம்

பழமைவாதக் கட்சியின் முன்னாள் இணை அமைச்சரான ஆன் விட்டகோம், நாடாளுமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற 2010 ஆம் ஆண்டிலேயே இப்போட்டியில் பங்கேற்றார். துணைவர் ஆன்டன் டு பெக் இவரைத் தூக்கியும் சுழற்றியும் ஆடிய நடனங்கள் பெரும் நகைப்பை விளைவித்தன. டைட்டானிக் திரைப்படப் பாடலுக்கு ஆடிய ரும்பாவே இவரது கடைசிப் போட்டி நடனமாகும். நடனம் தெரியாததை மறைக்க முயலாமல், அதையே நகைச்சுவையாக மாற்றிக்கொண்டது இவரது பலமாக அமைந்தது.

எட் பால்ஸ்

தொழிற்கட்சியின் முன்னாள் அமைச்சரும் நிழல் நிதியமைச்சருமான எட் பால்ஸ், 2015 பொதுத் தேர்தலில் தம் தொகுதியை இழந்தார். அடுத்த ஆண்டு கேத்யா ஜோன்சுடன் இந்நிகழ்ச்சியில் ஆடினார். தென்கொரியப் பாடகர் சையின் கங்னம் ஸ்டைல் பாடலுக்கு இவர் ஆடிய சால்சா, அத்தொடரில் மிகுதியாகப் பேசப்பட்ட நடனமாகும். தேர்தலில் வாக்காளர்களால் கைவிடப்பட்டவரை, நடன மேடையில் வாக்காளர்கள் வாரக்கணக்கில் தக்கவைத்தனர். சார்ஜென்டுடன் ஒப்பிடும்போது ஒரு வேறுபாடும் உண்டு. பால்ஸ் ஒவ்வொரு அடியையும் முழு முயற்சியுடன் ஆடினார். நகைப்பு அம்முயற்சியிலிருந்தே பிறந்தது.

திறமையால் வியக்க வைத்த நடனங்கள்

2015 ஆம் ஆண்டுத் தொடரின் திரைப்பட வாரத்தில், தி வாண்டட் இசைக்குழுவின் ஜே மெக்கின்னஸ், அலியோனா விலானியுடன் ஆடிய ஜைவ் பரவலான பாராட்டைப் பெற்றது. குவென்டின் டரான்டினோவின் பல்ப் ஃபிக்சன் திரைப்படத்தின் நடனக் காட்சியை அடிப்படையாகக் கொண்டு இது அமைக்கப்பட்டது. பேச்சில் கூச்சமும் தயக்கமும் கொண்டவராகக் காணப்பட்ட மெக்கின்னஸ், இசை தொடங்கியதும் முற்றிலும் வேறொருவராக மாறியதே பார்வையாளர்களை ஈர்த்தது. அவ்வாண்டுக் கோப்பையையும் இவ்விணையே வென்றது.

2019 இல் காயமடைந்த ஒரு போட்டியாளருக்கு மாற்றாகக் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டவர் நடிகர் கெல்வின் பிளெட்சர் ஆவார். முதல் வாரத்தில் ஓட்டி மபூசேயுடன் இவர் ஆடிய சம்பா 32 புள்ளிகளைப் பெற்றது. இலத்தீன் நடனங்களில் கடினமானதாகக் கருதப்படும் சம்பாவை முதல் வாரத்திலேயே இவ்வாறு ஆடியது வியப்பை அளித்தது. இவரே அத்தொடரின் வெற்றியாளரும் ஆவார்.

கோவிட்-19 பெருந்தொற்றின்போது நடைபெற்ற 2020 தொடரில் நகைச்சுவைக் கலைஞர் பில் பெய்லி, மபூசேயுடன் ராப்பர்ஸ் டிலைட் பாடலுக்கு ஆடிய 'இணையின் விருப்பம்' நடனம் புகழ் பெற்றது. 55 வயதில் கோப்பையை வென்ற இவர், அதுவரை வென்றவர்களுள் மிக மூத்தவரானார். வேடிக்கைப் போட்டியாளர் என்று எதிர்பார்க்கப்பட்ட ஒருவர் திறமையால் வென்றதால், மக்கள் விருப்பமும் நடுவர் மதிப்பும் இங்கு ஒன்றுசேர்ந்தன.

எல்லைகளை விரித்த நடனங்கள்

2017 இல் மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக் ஓட்ட வீரர் ஜானி பீக்காக், செயற்கைக் காலுடன் இப்போட்டியில் ஆடினார். 2020 இல் குத்துச்சண்டை வீராங்கனை நிக்கோலா ஆடம்ஸ், கேத்யா ஜோன்சுடன் ஆடி, ஒரே பாலினத்தைச் சேர்ந்த முதல் இணையாக அமைந்தார். ஜோன்சுக்குக் கோவிட் தொற்று உறுதியானதால் அவர்கள் இடையிலேயே விலக நேர்ந்தது. 2021 இல் ஜான் வைட், யோகானஸ் ராதேபே ஆகியோர் ஆண்கள் மட்டுமே கொண்ட முதல் இணையாக ஆடி இறுதிப்போட்டி வரை சென்றனர்.

ரோஸ் எய்லிங்-எல்லிஸ்

ஈஸ்ட்எண்டர்ஸ் தொடர் நடிகையான ரோஸ் எய்லிங்-எல்லிஸ், பிறவியிலேயே செவிப்புலன் அற்றவர். பிரித்தானியச் சைகை மொழியைப் பயன்படுத்துபவர். 2021 ஆம் ஆண்டுத் தொடரில் ஜியோவானி பெர்னீசியுடன் ஆடிய இவர், இந்நிகழ்ச்சியில் பங்கேற்ற செவிப்புலன் அற்ற முதல் போட்டியாளர் ஆவார். துணைவரின் உடல் அசைவையும் மனத்துக்குள் எண்ணும் தாளக் கணக்கையும் துணையாகக் கொண்டே இவர் ஆடினார். ஆறாம் வாரத்தில் ஆடிய டேங்கோ 40 புள்ளிகளைப் பெற்றது. எந்தத் தொடரிலும் அதற்கு முன் அவ்வளவு விரைவில் முழுப் புள்ளி வழங்கப்பட்டதில்லை.

நவம்பர் 13 அன்று கிளீன் பேன்டிட் குழுவின் சிம்பனி பாடலுக்கு இவர்கள் 'இணையின் விருப்பம்' பிரிவில் ஆடினர். நடனத்தின் நடுவே இசை முற்றிலும் நின்றது. சில நொடிகள் அரங்கில் ஓசையே இல்லை. இருவரும் ஓர் அடியும் பிசகாமல் தொடர்ந்து ஆடினர். பின்னர் இசை மீண்டும் எழுந்தது. செவிப்புலன் அற்றோர் சமூகத்திற்குச் செய்த மரியாதையாக அமைக்கப்பட்ட இப்பகுதி, அதுவரை நிகழ்ச்சியில் இருந்த பார்வையைத் தலைகீழாக மாற்றியது. செவிப்புலன் உள்ளோரின் உலகத்தில் ரோஸ் எவ்வாறு ஆடுகிறார் என்று வியந்தவர்கள், சில நொடிகள் அவரது உலகத்திற்குள் அமர்ந்திருந்தனர். 2022 ஆம் ஆண்டு பாஃப்டா தொலைக்காட்சி விருதுகளில் பொதுமக்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் 'காண வேண்டிய கணம்' விருது இக்காட்சிக்குக் கிடைத்தது. இவ்விணையே அத்தொடரின் கோப்பையையும் வென்றது.

கிறிஸ் மெக்காஸ்லண்ட்

லிவர்பூலைச் சேர்ந்த நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் மெக்காஸ்லண்ட், விழித்திரை நோயால் இளம் வயதில் பார்வையை இழந்தவர். 2024 ஆம் ஆண்டுத் தொடரில் டயான் பஸ்வெல்லுடன் ஆடிய இவர், பார்வையற்ற முதல் போட்டியாளர் ஆவார். மற்ற போட்டியாளர்கள் ஆசிரியரின் அசைவைக் கண்டு பின்பற்றுவர். இவருக்கோ ஒவ்வோர் அசைவும் சொல்லாலும் தொடுகையாலும் விளக்கப்பட வேண்டியிருந்தது. ஜான் லெனனின் பாடலுக்கு ஆடிய நடனத்தில் திரை சில நொடிகள் முழுவதும் இருளாக்கப்பட்டது. யூ வில் நெவர் வாக் அலோன் பாடலுக்கு இவர்கள் ஆடிய வால்ட்சு, 2025 ஆம் ஆண்டு பாஃப்டாவின் 'நினைவில் நிற்கும் கணம்' விருதைப் பெற்றது. லிவர்பூல் கால்பந்துக் கழக இரசிகர்கள் அரங்கங்களில் பாடும் பாடல் இது என்பதால், அந்நகரத்தவருக்கு இந்நடனம் கூடுதல் பொருள் கொண்டிருந்தது. திசம்பர் 14 அன்று நடந்த இறுதிப்போட்டியில் இவ்விணை வெற்றி பெற்றது.

பிற நாடுகளில்

இந்நிகழ்ச்சியின் அமைப்பு டான்சிங் வித் த ஸ்டார்ஸ் என்ற பெயரில் பல நாடுகளுக்கு வழங்கப்பட்டுள்ளது. அமெரிக்கப் பதிப்பு 2005 சூன் மாதத்தில் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. குட்மன், டோனியோலி ஆகியோர் அங்கும் நடுவர்களாகப் பணியாற்றினர். இந்தியாவில் 2006 இல் சோனி தொலைக்காட்சியில் தொடங்கிய ஜலக் திக்லா ஜா என்ற இந்தி நிகழ்ச்சி இதே அமைப்பைக் கொண்டதாகும். நடுவர் புள்ளியும் மக்கள் வாக்கும் இணையும் முறை பிற நாட்டுப் பதிப்புகளுக்கும் சென்றதால், நன்றாக ஆடியவர் வெல்ல வேண்டுமா, மக்கள் விரும்பியவர் வெல்ல வேண்டுமா என்ற வினாவும் அவற்றுடன் சென்றுள்ளது.